வெப்சைட் ஃபோல்டரை சர்வரில் ஏற்ற நாலு வழி: இருபதாவது தடவை எது கைகொடுக்கும்?

"என் கம்ப்யூட்டரில் சரியாகத் தெரிகிறது. சர்வரில் ஏற்றினால் வெறும் எழுத்து மட்டும் வருகிறது. படமும் இல்லை, நிறமும் இல்லை." வெப்சைட் வேலை பழகுகிறவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி இந்த ரகம். மீதிப் பாதி அதற்கு அடுத்த கட்டம். ஃபைல்சில்லாவில் இழுத்துப் போடுவதா, ஜிப் பண்ணி சிபேனலில் (ஹோஸ்டிங் கணக்கை பிரவுசரிலேயே நடத்தும் பலகை) விரிப்பதா? ஒருத்தர் மாறியதை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க்தான் என்கிறார், இன்னொருத்தர் மாற்றங்களின் வரலாற்றையே வைத்திருக்கும் கிட் இல்லாமல் இன்னுமா வேலை செய்கிறீர்கள் என்று சிரிக்கிறார். எதைப் பிடிப்பது?

நாலையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன். நாலிலும் அடியும் வாங்கியிருக்கிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை ஏற்றுவதற்கு எந்த வழியானாலும் ஒப்பேற்றிவிடலாம். ஆனால் வேலை அதோடு நிற்பதில்லை. விலை மாறும், படம் மாறும், தீபாவளிக்கு ஒரு பேனர் வரும், பொங்கலுக்குள் அதைக் கழற்ற வேண்டும். இருபதாவது தடவை ஏற்றும்போது என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் நான் எடை போடுகிறேன்.

## கருவியைத் திட்டுவதற்கு முன்

எந்த வழியில் ஏற்றினாலும் உடையும் சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைக் கருவியின் கணக்கில் எழுதக் கூடாது.

முதலாவது, கேப்பிட்டல் எழுத்து. விண்டோஸில் ஒரு படத்தின் பெயர் கேப்பிட்டல் எழுத்தில் இருந்து, பக்கத்துக்குள் அதைச் சின்ன எழுத்தில் கூப்பிட்டாலும் படம் வந்துவிடும். லினக்ஸ் சர்வருக்கு அவை இரண்டு வேறு ஃபைல். கேமராவிலிருந்து வரும் படங்களுக்கு நீட்சி பெரும்பாலும் கேப்பிட்டலில் இருக்கும். "பாதிப் படம் மட்டும் வருகிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

தமிழில் கேப்பிட்டல், ஸ்மால் என்ற வம்பு கிடையாது, அதனால் ஃபைல் பெயரைத் தமிழிலேயே வைத்துவிடலாமா? வைக்கலாம், ஆனால் நம் எழுத்துக்கு வேறு வம்பு இருக்கிறது. 'கொடி' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அந்தக் 'கொ'வின் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். லினக்ஸுக்கு அவை வேறு வேறு ஃபைல். பழைய மேக்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க், பெயரைப் பிரித்துத்தான் சேமிக்கும். அங்கிருந்து ஏற்றிய படம் 404 (ஃபைல் கிடைக்கவில்லை) காட்டினால் மணிக்கணக்கில் தேடினாலும் காரணம் கண்ணில் படாது. நீளத்திலும் இடி உண்டு. லினக்ஸில் ஃபைல் பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுப்பதால் 85 குறிகளுக்கு மேல் போகாது. கட்டுரைத் தலைப்பையே ஃபைல் பெயராக வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

இரண்டாவது, பாதை. பக்கத்துக்குள் 'சி டிரைவ், யூசர்ஸ், டெஸ்க்டாப்' என்று முழு முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் வேலை செய்யும். விண்டோஸின் பின்சாய்ந்த கோடும் அப்படித்தான்.

மூன்றாவது, எந்த ஃபோல்டருக்குள் போடுவது. சிபேனல் கணக்கில் அது பப்ளிக்_எச்டிஎம்எல். நீங்களே உபுண்டு சர்வரில் அப்பாச்சி போட்டிருந்தால் வழக்கமாக /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/எச்டிஎம்எல். அதற்கு ஒரு படி வெளியே போட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு படி உள்ளே போட்டால் டொமைனைத் திறக்கும்போது வெள்ளைப் பக்கத்தில் 'இன்டெக்ஸ் ஆஃப் /' என்று தடித்த எழுத்தும், கீழே ஒரே ஒரு வரியில் 'கடை-ஃபைனல்-புதுசு-2/' என்று ஃபோல்டர் பெயரும் வரும். அந்தப் பெயரை வாடிக்கையாளரும் பார்ப்பார்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள் வைத்திருக்கிறேன்.

1. ஃபோல்டர் அமைப்பு அப்படியே போய்ச் சேருகிறதா? புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபைல், காலி ஃபோல்டர், பெர்மிஷன் (யார் படிக்கலாம், யார் எழுதலாம்) எல்லாம் சேர்த்து.
2. நடுவில் நெட் போனால் என்ன மிஞ்சும்?
3. இங்கே நீக்கியது அங்கேயும் நீங்குமா? மாறியது மட்டும் போகுமா, எல்லாம் திரும்பப் போகுமா?
4. தப்பாகிவிட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்ப முடியுமா?
5. உங்கள் ஹோஸ்டிங் கணக்கு அதற்கு இடம் கொடுக்கிறதா, உங்களுக்குப் பிறகு அதைத் தொடப்போகிறவருக்குப் புரியுமா?

வேகத்தைத் தனிக் கேள்வியாக வைக்கவில்லை. மூன்றாவதற்குள்ளேயே அது அடங்கிவிடும்.

## ஃபைல்சில்லா: எஃப்டிபி, எஸ்எஃப்டிபி

ஃபைல்சில்லா என்பது மென்பொருளின் பெயர். எஃப்டிபி, எஸ்எஃப்டிபி என்பவை அது பேசும் மொழிகள். இந்த எஃப்டிபியின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியின் முதல் செட் மாணவர். இப்போதும் புழங்கும் வடிவம் 1985இல் வந்த ஆர்எஃப்சி 959 என்ற இணைய விதி ஆவணம். வயதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'இந்த ஃபோல்டரை அப்படியே வாங்கிக்கொள்' என்று சொல்ல எஃப்டிபியில் கட்டளையே கிடையாது. நீங்கள் ஃபோல்டரை இழுத்துப் போட்டதும், ஃபைல்சில்லா உள்ளே போய் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் 'உருவாக்கு' என்று ஒரு கட்டளையும், ஒவ்வொரு ஃபைலுக்கும் 'வைத்துக்கொள்' என்று ஒரு கட்டளையும் தனித்தனியாக அனுப்புகிறது. அது தாமதமாவதும், நடுவில் சிலது விட்டுப்போவதும் இதனால்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து அமெரிக்காவில் இருக்கும் சர்வருக்கு ஒரு தகவல் போய்த் திரும்பக் கால் நொடி என்று வைப்போம். எஃப்டிபியில் ஒரு ஃபைலுக்கு நாலு தடவை போய் வர வேண்டியிருக்கும்: எந்த போர்ட் (சர்வரின் எண்ணிட்ட வாசல்) என்று கேட்க, இணைய, அனுப்பப்போகிறேன் என்று சொல்ல, வந்துவிட்டது என்று பதில் வாங்க. ஆக ஒரு ஃபைலுக்கு ஒரு நொடி, அது ஒரு கேபி ஆனாலும் சரி. மூவாயிரம் ஃபைல் என்றால் 50 நிமிடம். ஃபைல்சில்லா இயல்பாக ஒரே நேரத்தில் இரண்டை அனுப்பும் என்பதால் 25 நிமிடம். உங்கள் வீட்டு ஃபைபர் எத்தனை எம்பிபிஎஸ் ஆனாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. வேர்ட்பிரஸ் தளத்தை இப்படி ஏற்றிவிட்டு நெட் ஸ்லோ என்று கம்பெனிக்குப் போன் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

நெட் அறுந்தால்? விட்டுப்போனவை கீழே 'ஃபெயில்ட் டிரான்ஸ்ஃபர்ஸ்' தாவலில் நிற்கும். அதைப் பார்க்காமல் மூடினால் தொலைந்தது. மூடாமல், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து மறுபடி வரிசையில் போட்டால் சரியாகிவிடும். இந்தப் பழக்கம் ஒன்று இருந்தாலே 'பாதி ஏறியது' புகார்கள் பெருமளவு குறையும்.

மறைந்த செலவுகள் மூன்று. ஒன்று, வெறும் எஃப்டிபியில் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் போகிறது. அதே மென்பொருளில் எஸ்எஃப்டிபி என்று மாற்றினால் எஸ்எஸ்எச் (சர்வரோடு பாதுகாப்பாகப் பேசும் முறை) வழியாக மறைக்கப்பட்டுப் போகும், போர்ட் மட்டும் 21க்குப் பதில் 22. உங்கள் கணக்கில் எஸ்எஃப்டிபி இருந்தும் எஃப்டிபி பயன்படுத்த எந்தக் காரணமும் இல்லை. இரண்டு, மாஸ்டர் பாஸ்வேர்ட் வைக்காவிட்டால் சைட் மேனேஜரில் சேமித்த பாஸ்வேர்டுகள் உங்கள் கம்ப்யூட்டரில் எளிதில் பிரிக்கக்கூடிய வடிவில்தான் கிடக்கும்.

மூன்றாவதுதான் பெரியது: எஃப்டிபி எதையும் தானாக நீக்காது. நான் பார்த்துக்கொண்ட ஒரு ஜவுளிக்கடைத் தளத்தில் பழைய தொடர்புப் படிவத்தின் பிஎச்பி ஃபைலை என் கம்ப்யூட்டரில் நீக்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. சர்வரில் அது அப்படியே உட்கார்ந்திருந்தது. எந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு லிங்க் இல்லை, ஆனால் ஸ்பாம் அனுப்புகிறவர்களுக்கு லிங்க் எதற்கு? ஒரு நாள் கடைக்காரர் போன் பண்ணி, "தம்பி, நம்ம கடை பேரில் யாருக்கெல்லாமோ மெயில் போகுதாம்" என்றார். தப்பு என்னுடையது. ஆனால் என் கண்ணில் படும்படி அதைக் காட்ட அந்த வழியில் எதுவும் இல்லை. ஃபைல்சில்லாவில் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுக் காட்டும் வசதி உண்டு. அதற்கு நீங்கள் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்க்க வேண்டும். போதாததற்கு, எஃப்டிபியில் எழுத்து ஃபைல்கள் வரி முடிவு மாறிப் போவதால் விண்டோஸில் ஒரு அளவும் சர்வரில் ஒரு அளவும் காட்டி, மாறாததையும் மாறியதாகச் சொல்லும்.

இது பொருந்தும் இடம்: ஒன்றிரண்டு ஃபைலைத் திருத்துவது, ஹோஸ்டிங்கில் வேறு எதுவுமே இல்லாதது, ஃபோல்டர் என்றால் என்ன என்று கற்றுக்கொள்ளும் காலம். இடப்பக்கம் உங்கள் வீடு, வலப்பக்கம் சர்வர் என்று கண்ணால் பார்க்கும் அந்த இரண்டு கட்டத் திரைக்கு ஈடான பாடம் வேறில்லை.

## ஜிப் பண்ணி சிபேனலில் விரிப்பது

முதல் தடவை ஏற்றும்போது இதை மிஞ்ச ஆள் இல்லை. மூவாயிரம் ஃபைல் ஒரே ஃபைலாகப் போகிறது. சர்வருக்குள்ளேயே விரிவதால் அங்கே சில நொடிதான். நடுவில் அறுந்தால் ஜிப்பே திறக்காது, ஆகவே பாதி ஏறிய தளம் என்ற நிலை வராது. காலி ஃபோல்டரும் போய்ச் சேரும். விண்டோஸின் சொந்த ஜிப் மட்டும் காலி ஃபோல்டரைச் சேர்க்க முடியாது என்று முரண்டு பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். 7-ஜிப் அப்படிச் செய்ததில்லை.

ஒரு படி உள்ளே போய்விடும் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து ஜிப் பண்ணினால் ஜிப்புக்குள் அந்த ஃபோல்டரே இருக்கும். உள்ளே போய், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஜிப் பண்ண வேண்டும். அதற்குள் இன்னொரு பள்ளம்: உள்ளே போய்த் தேர்ந்தெடுக்கும்போது மேக்கிலும் லினக்ஸிலும் மறைந்த ஃபைல்கள் கண்ணில் படாது. .எச்டிஆக்சஸ் (சர்வர் செட்டிங் இருக்கும் மறைந்த ஃபைல்) விட்டுப்போகும், முதல் பக்கம் வரும், அடுத்த பக்கமெல்லாம் 404. சிபேனல் ஃபைல் மேனேஜரிலும் அதுவே கதை. செட்டிங்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டு என்று டிக் பண்ணினால்தான், அது வந்ததா இல்லையா என்றே தெரியும்.

சரி, இரண்டாம் தடவை? அங்கேதான் சாயம் வெளுக்கிறது. ஒரு வரி மாற்றினாலும் மொத்தத்தையும் ஜிப் பண்ண வேண்டும். விரித்தால் அதே பெயருள்ளவை மேலெழுதப்படும், நீக்கியவை நீங்காது. கான்ஃபிக் ஃபைலையும் (தளத்தின் அமைப்பு விவரம் இருக்கும் ஃபைல்) சேர்த்து ஜிப் பண்ணியிருந்தால் உங்கள் லேப்டாப்பின் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் சர்வரில் போய் உட்கார்ந்து, தளம் 'டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை' என்று நின்றுவிடும்.

இட ஒதுக்கீட்டையும் பாருங்கள். ஜிப்பும் விரித்ததும் ஒரே நேரத்தில் இருப்பதால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடம் வேண்டும். விரித்த பிறகு ஜிப்பை நீக்க மறந்தால் அது பப்ளிக்_எச்டிஎம்எல்லிலேயே கிடக்கும். பெயரை ஊகிப்பவர் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் பாஸ்வேர்டோடு சேர்த்து. 'பேக்கப்', 'சைட்' போன்ற பெயர்களை ஊகிக்க மூளை வேண்டியதில்லை. அதற்கென்றே ரோபோக்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

பொருந்தும் இடம்: புதுத் தளத்தை முதல் தடவை நிறுத்துவது, ஒரு ஹோஸ்டிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. வருடத்துக்கு ஒரு முறை மாறும் பள்ளி ஆண்டுவிழாப் பக்கத்துக்கு இதுவே போதும்.

## ஆர்சிங்க்

என் ஓட்டு இதற்குத்தான். அதனால் இதன் குற்றங்களைக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மக்கெராஸும் 1996இல் வெளியிட்டது. இது செய்வது எளிது: இரண்டு பக்கத்திலும் இருக்கும் ஃபைல்களின் அளவையும் நேரத்தையும் ஒப்பிடும், மாறியதை மட்டும் எடுக்கும், அதிலும் மாறிய துண்டை மட்டும் அனுப்பும். எஸ்எஸ்எச் வழியாகப் போவதால் மறைக்கப்பட்டே போகிறது. நடுவில் அறுந்தால் அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் போதும், முடிந்தவற்றைத் தொடாது. ஒரு ஃபைலைத் தற்காலிகப் பெயரில் முழுதாக வாங்கிய பிறகுதான் உண்மைப் பெயருக்கு மாற்றும். ஆகவே பாதி எழுதப்பட்ட பிஎச்பி ஃபைல் யார் கண்ணிலும் படாது. மறைந்த ஃபைல், காலி ஃபோல்டர் எல்லாம் போகும். மூவாயிரம் ஃபைல் உள்ள தளத்தில் நாலு ஃபைல் மாற்றினால் வேலை சில நொடியில் முடிகிறது.

இனி குற்றங்கள். முதலில் அந்தச் சாய்கோடு. அனுப்பும் ஃபோல்டரை 'கடை/' என்று கோட்டோடு எழுதினால் கடைக்குள் இருப்பவை போகும். 'கடை' என்று கோடில்லாமல் எழுதினால் கடை என்ற ஃபோல்டரே போகும், அதாவது ஒரு படி உள்ளே. ஒரே ஒரு எழுத்து. பெறும் பக்கத்தின் பெயரில் கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வித்தியாசம் இல்லை. அனுப்பும் பக்கம்தான் கணக்கு. நான் இதை ஒரு வருடம் ஸ்டிக்கி நோட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்திருந்தேன். ஆர்சிங்குக்குப் பதில், ஃபைலை அப்படியே நகலெடுத்து அனுப்பும் எஸ்சிபி கட்டளையில் 'எஸ்சிபி கடை/*' என்று நட்சத்திரம் போட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. நட்சத்திரத்துக்கு மறைந்த ஃபைல்கள் தெரியாது, .எச்டிஆக்சஸ் மறுபடியும் வீட்டிலேயே நின்றுவிடும்.

அப்புறம் 'டெலீட்' என்ற சேர்ப்பு. அதைப் போட்டால் இங்கே இல்லாதது அங்கேயும் இல்லாமல் போகும். மூன்றாவது கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கித் தருவது இதுதான். என்னைக் கவிழ்த்ததும் இதுதான். கல்யாண போட்டோ எடுக்கும் ஒரு ஸ்டுடியோவின் தளம்; வாடிக்கையாளர்களே படங்களைத் தேர்ந்தெடுத்து ஏற்ற ஒரு படிவம் இருந்தது. அந்தப் படங்கள் சர்வரின் 'அப்லோட்ஸ்' ஃபோல்டரில் மட்டும்தான் இருந்தன. என் கம்ப்யூட்டரில் அதே பெயரில் காலி ஃபோல்டர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவசரத்தில் டெலீட்டோடு ஓட்டினேன். திரையில் 'டெலீட்டிங் அப்லோட்ஸ்/' என்று தொடங்கும் வரிகள் மளமளவென்று ஓட ஆரம்பித்தன. என்ன நடக்கிறது என்று மூளைக்கு எட்டி, கண்ட்ரோல்-சி அழுத்துவதற்குள் இரண்டு ஆல்பம் போய்விட்டது. ஹோஸ்டிங்கின் முந்தைய இரவு பேக்கப்பில் அநேகமாக எல்லாம் கிடைத்தது. அன்று பகலில் ஏற்றியவை கிடைக்கவில்லை. மறுநாள் காலை ஸ்டுடியோவில் போய் நின்றபோது குடித்த டீ இறங்கவே இல்லை.

அதன்பிறகு இரண்டு விதி. டெலீட் போடும் முன் 'டிரை ரன்' போட்டு, எது போகும் எது நீங்கும் என்ற பட்டியலைக் கண்ணால் பார்ப்பேன்; எதையும் தொடாமல் பட்டியலை மட்டும் காட்டும் ஒத்திகை அது. அப்லோட்ஸ், கான்ஃபிக் இரண்டையும் 'எக்ஸ்க்ளூட்' பட்டியலில் வைப்பேன். விலக்கப்பட்டவற்றை டெலீட்டும் தொடாது. இரண்டையும் சேர்த்து ஒரு சின்ன ஸ்கிரிப்டாக எழுதிவிட்டால் கை நடுங்க வேண்டியதில்லை.

விண்டோஸ்காரர்களுக்குத் தனிச் செலவு ஒன்று உண்டு. விண்டோஸில் ஆர்சிங்க் நேராக இல்லை; டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) வழியாகத்தான் பெரும்பாலும் ஓட்டுவோம். சி டிரைவில் இருக்கும் ஃபைல்களுக்கு அங்கே இயல்பாக 777 பெர்மிஷன் (யாரும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம்) என்று தெரியும். ஆர்சிங்க் அதையும் விசுவாசமாகச் சர்வருக்குக் கொண்டுபோகும். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற ஃபைலை ஓட்ட மறுத்துச் சில ஹோஸ்டிங்கில் 500 எரர் வரும். மறுக்காத ஹோஸ்டிங்கில் இன்னும் ஆபத்து. ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 (இரண்டிலும் உரிமையாளர் மட்டும் எழுதலாம்) என்று கட்டளையிலேயே சொல்லிவிடலாம், அதற்கு ஒரு சேர்ப்பு இருக்கிறது.

பின்வாங்கும் வசதி இதில் தானாக வராது. ஏற்றும் முன் பழையதை எடுத்து வைத்தால்தான் உண்டு. எஸ்எஸ்எச் இல்லாத மலிவு ஹோஸ்டிங்கில் இது நடக்கவும் நடக்காது.

பொருந்தும் இடம்: ஒருவரே பார்த்துக்கொள்ளும், அடிக்கடி மாறும் தளம். படம் நிறைய உள்ள தளம் என்றால் இன்னும் நல்லது.

## கிட்

ஒருவருக்கு மேல் கை வைக்கும் தளத்துக்கு இதுதான் சரி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. சர்வரில் பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு வெளியே ஒரு வெற்றுக் களஞ்சியம் (வரலாறு மட்டும் இருக்கும் கிட் சேமிப்பிடம்) வைத்து, நீங்கள் புஷ் பண்ணியதும், அதாவது மாற்றங்களை அனுப்பியதும், ஃபைல்களை உள்ளே விரிக்கும்படி ஒரு ஹூக் (தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) எழுதிவிட்டால் போதும். சிபேனலிலும் கிட்டுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. நாலாவது கேள்விக்கு இதற்கு ஈடு இல்லை: நேற்றைய நிலை, போன மாத நிலை, எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம். யார் எந்த வரியை மாற்றினார் என்பதும் நிற்கும். நீங்கள் நீக்கிய ஃபைல் அங்கேயும் நீங்கும். கிட்டுக்கே தெரியாத அப்லோட்ஸ் ஃபோல்டரை அது தொடவும் தொடாது. என் ஸ்டுடியோ விபத்து கிட்டில் நடந்திருக்காது.

ஆனால் ஃபோல்டர் அமைப்பு என்று வரும்போது கிட்டின் பார்வை வேறு. அதற்கு ஃபைல்தான் தெரியும். காலி ஃபோல்டர் என்று ஒன்று அதன் உலகத்தில் இல்லை. 'கேஷ்' என்று ஒரு காலி ஃபோல்டரை எதிர்பார்க்கும் நிரல், கிட் வழியாகப் போனதும் விழும். உள்ளே .கிட்கீப் என்று ஒரு வெற்று ஃபைலைப் போட்டு வைப்பது வழக்கம். இக்னோர் பட்டியலில் இருப்பவையும் போகாது. பிறர் எழுதிய நிரல்கள் இருக்கும் 'வெண்டார்' ஃபோல்டரை விட்டுவிட்டு, சர்வரில் அவற்றை இறக்கும் கம்போசர் கருவியை ஓட்ட மறந்து, வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது கிட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் கட்டும் கட்டணம். விண்டோஸில் ஃபைல் பெயரின் கேப்பிட்டலை மட்டும் மாற்றினால் கிட் கவனிப்பதில்லை. கிட்டின் சொந்த இடமாற்றக் கட்டளையால் மாற்ற வேண்டும்.

சோம்பேறித்தனமாகப் பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்குள்ளேயே குளோன் பண்ணினால் (களஞ்சியத்தையே நகலெடுத்தால்) .கிட் ஃபோல்டர் வெளியே தெரியும். அதிலிருந்து மொத்த நிரலையும் வரலாற்றோடு மீட்டுவிடலாம், என்றோ எழுதி அழித்த பாஸ்வேர்டு உட்பட. படங்களையும் இதில் போட்டால் பழைய பதிப்பெல்லாம் சேர்ந்து களஞ்சியம் ஊதிப்போகும். கிட் களஞ்சியங்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளம் 100 எம்பிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை வாங்கவே வாங்காது.

ஐந்தாவது கேள்வியையும் மறக்க வேண்டாம். வெப்சைட்டை நாளை கடைக்காரரின் மகளிடம் ஒப்படைக்கப் போகிறீர்கள் என்றால், அவர் சர்வரிலேயே நேரடியாக ஒரு விலையைத் திருத்துவார். அடுத்த புஷ் அதை அழித்துவிடும். இரண்டு வழியைக் கலந்தால் எந்தக் கருவியும் காப்பாற்றாது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| கேள்வி | ஃபைல்சில்லா | ஜிப் | ஆர்சிங்க் | கிட் |
|---|---|---|---|---|
| மறைந்த ஃபைல் | போகும் | அடிக்கடி விட்டுப்போகும் | போகும் | போகும் |
| காலி ஃபோல்டர் | போகும் | பெரும்பாலும் போகும் | போகும் | போகாது |
| நடுவில் அறுந்தால் | பாதித் தளம் | ஜிப் திறக்காது, தளம் பத்திரம் | மறுபடி ஓட்டினால் தொடரும் | புஷ் முழுதாக ஏறும், இல்லையேல் ஏறாது |
| நீக்கியது நீங்குமா | இல்லை | இல்லை | டெலீட் போட்டால் | ஆம் |
| மாறியது மட்டும் | கையால் தேர்ந்தெடுத்தால் | இல்லை | ஆம் | ஆம் |
| பின்வாங்க | முடியாது | பழைய ஜிப் இருந்தால் | தனியாக எடுத்து வைத்தால் | ஆம் |
| எஸ்எஸ்எச் தேவையா | எஸ்எஃப்டிபிக்கு மட்டும் | இல்லை | ஆம் | பெரும்பாலும் |
| கற்க | ஒரு மணி நேரம் | பத்து நிமிடம் | ஒரு நாள் | ஒரு வாரம் |

கடைசி வரி என் அனுபவக் கணக்கு. உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

## உங்கள் நிலை எது?

கல்லூரி ப்ராஜெக்ட், பத்துப் பக்கம், எச்டிஎம்எல் தவிர வேறில்லை என்றால் எஸ்எஃப்டிபியோடு ஃபைல்சில்லா. யோசிக்கவே வேண்டாம்.

வேர்ட்பிரஸ் தளத்தை லேப்டாப்பில் கட்டி முதல் தடவை ஏற்றுகிறீர்களா? ஜிப். அதன்பின் தீமில் செய்யும் மாற்றங்களுக்கு மட்டும் ஆர்சிங்க், அதுவும் தீம் ஃபோல்டரை மட்டும். மொத்த வேர்ட்பிரஸையும் டெலீட்டோடு ஒத்திசைக்க நினைக்காதீர்கள். சர்வரில் நடக்கும் ப்ளக்இன் அப்டேட்டையெல்லாம் அது பின்னுக்கு இழுத்துவிடும்.

இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து எழுதும் லாரவெல் (பிஎச்பி நிரல் கட்டமைப்பு) போன்றவற்றில் கட்டிய தளம் என்றால் நிரலுக்கு கிட், படங்களுக்கு ஆர்சிங்க். இதைத்தான் நானும் இப்போது செய்கிறேன். ஒரு எச்சரிக்கை: கிட் ஃபைலின் பழைய நேரத்தை வைத்துக்கொள்வதில்லை. புதிதாகக் குளோன் பண்ணிய ஃபோல்டரிலிருந்து ஆர்சிங்க் ஓட்டினால், எல்லா ஃபைலும் மாறியதாக நினைத்து ஒவ்வொன்றையும் சோதிக்கும். பயப்பட வேண்டாம், துண்டு ஒப்பீட்டால் அனுப்பும் அளவு குறைவாகவே இருக்கும்; நேரம்தான் கொஞ்சம் கூடும்.

எதில் ஏற்றினாலும் முடிந்ததும் பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் தாவலைத் திறந்து, பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். சிவப்பாக நிற்கும் ஒவ்வொரு 404 வரியும் எந்த ஃபைலை, எந்தப் பாதையில் தேடிக் கிடைக்கவில்லை என்று சொல்லும். சர்வரில் ஃபைல் இருக்கும் இடத்தில், இந்தப் பாதையில் இல்லாத ஃபோல்டர் பெயர் ஒன்று கூடுதலாக இருந்தால் ஒரு படி உள்ளே போட்டிருக்கிறீர்கள். பாதை சரியாக இருந்தும் 404 என்றால் கேப்பிட்டலைப் பாருங்கள். 403 என்றால் பெர்மிஷன்.

எஸ்எஸ்எச் இல்லாத ஹோஸ்டிங் என்று நினைத்து ஆர்சிங்கைக் கைவிடுகிறவர்கள் பலர். பல இடங்களில் அது இருக்கும். இயல்பாக அணைத்து வைத்திருப்பார்கள், கேட்டால் திறந்துவிடுவார்கள். நான் ஒரு தடவை சப்போர்ட்டுக்கு இரண்டு வரி எழுதினேன். நாலு மணி நேரத்தில் பதில் வந்தது. போர்ட் மட்டும் 22 இல்லை, வேறு எண் கொடுத்திருந்தார்கள். அதைக் கவனிக்காமல் இன்னொரு அரை மணி நேரம் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' பார்த்துக்கொண்டிருந்தேன்.